அந்த வார்த்தையைச் சொன்னால் அம்பு பொறுக்கணும்

விசிலக்கா தன் வாழ்நாளில் ஒரு அம்புகூட எய்ததில்லை. பிள்ளைகளை வில் வகுப்பில் சேர்க்க வரும் யாரிடமும் அவள் இதை மறைப்பதும் இல்லை. "எய்யறதுக்குக் கோச் இருக்காரு. எய்யாம இருக்கறதுக்கு நான் இருக்கேன்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அது ஜோக் இல்லை, அவளுடைய உத்தியோகமே அதுதான்.

வார நாட்களில் அவளுக்கு அந்த விளையாட்டு மைதானத்தின் கவுன்டரில் வேலை. லாக்கர் சாவி கொடுப்பது, வாங்குவது, தொலைத்தவர்களைத் திட்டுவது. சனி, ஞாயிறு காலைகளில் மைதானத்தின் பின்பக்கம் சிறுவர் சிறுமியருக்கு வில் வகுப்பு நடக்கும். பக்கத்துக் கொட்டகையில் ஏர் ரைஃபிள் வகுப்பு. வகுப்பு தொடங்கிய வருடம், பிள்ளைகள் நின்று எய்கிற கோட்டுக்குக் காவல் நிற்க ஒருவர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் கூட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிற வேலை என்றதும் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஒருவருக்கு மச்சான் ஊரிலிருந்து வந்துவிட்டான். அன்றைக்கு லீவில் இருந்தவள் இவள் ஒருத்திதான். இல்லாதவர் தலையில் கட்டுவதைப் போல் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா? கட்டிவிட்டார்கள்.

ஆள் குள்ளம். கத்தினால் குரல் கீச்சென்று போகும். அதனால்தான் கழுத்தில் விசில், அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும். ஒன்று ஊதினால் எய்யலாம். மூன்று ஊதினால் எல்லோரும் வில்லை வைத்துவிட்டு அம்பு எடுக்கப் போகலாம். ஐந்து ஊதினால் ராஜாவாக இருந்தாலும் நாணைத் தளர்த்தி வில்லை இறக்கிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. நடந்துதான் போக வேண்டும், ஓடினால் அன்றைக்கு வில் கிடையாது. கோட்டுக்கு முன்னால் ஒருத்தர் நின்றாலும் யார் கையும் அம்பைத் தொடக் கூடாது.

வீட்டிலும் இதே கதைதான். கத்தியைப் பிடிப்பக்கம் திருப்பித்தான் நீட்டுவாள். பஸ் நிறுத்தத்தில் கோட்டுக்குப் பின்னால் விறைப்பாக நிற்பாள். "உன்னக் கட்டிக்கிட்டதுல இருந்து நான் ரோட்டத் தாண்டுறதுக்குக்கூட விசிலுக்குக் காத்திருக்கேன்" என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இந்த மைதானத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சட்டம் உண்டு. 'விடு' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு பையன் நாணை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க நின்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே என்று கோச் பக்கத்தில் போய் அன்பாக, "மூச்ச விடு" என்றார். பையன் காதில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் விழுந்தது. விட்டான். அம்பு குறிப்பலகைக்கு மேலே பறந்து பின்னாலிருந்த மணல் மேட்டில் போய்ச் செருகிக்கொண்டது. முன்னால் யாரும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோச் ஆடிப்போய்விட்டார். நல்ல மனிதர், சின்ன வயசு, அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

விசிலக்கா அன்று ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் என்ன பாடு படுத்துகிறோம்! அம்பை விடு என்றால் போகட்டும் என்று அர்த்தம். சண்டை போடுகிறவனைப் பார்த்து விடு என்றால் நிறுத்து என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள், பஸ்ஸை விட்டுவிடுகிறோம், கதை விடுகிறோம், பெருமூச்சு விடுகிறோம். கையில் நாணை இழுத்துப் பிடித்திருக்கிற பிள்ளை இதில் எதை என்று எடுத்துக்கொள்ளும்?

மறுவாரமே சட்டம் வந்துவிட்டது. எய்ய வேண்டுமென்றால் 'அனுப்பு'. நிறுத்த வேண்டுமென்றால் 'இறக்கு'. மூச்சுக்கு 'வெளியே தள்ளு'. அந்த வார்த்தையை வாய்தவறிச் சொன்னவர், கோச்சாகவே இருந்தாலும், புல்லுக்குள் தவறிப்போன அம்புகளையெல்லாம் தேடிப் பொறுக்கி வர வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. கோச் எப்போது மாட்டுவார் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார்கள். பாவம், முதல் மாதம் முழுக்க அவர் புல்லுக்குள்தான் இருந்தார்.

அந்த ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது விசிலக்காவுக்கு இன்னொரு பொறியும் தட்டியது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், அவள் வீட்டுக்காரர்.

அவர் தச்சர். அலமாரி, மேசை, கட்டில் செய்கிற பட்டறை வைத்திருந்தார். இடது கண் கிடையாது. "எல்லாத் தச்சனும் ஒரு கண்ண மூடித்தான் பலக நேரா இருக்கான்னு பாக்கணும். எனக்கு அந்த வேல மிச்சம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொல்லித்தான் அவளைச் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பில்தான் அவள் சரி என்றாள். ஆனால் கண் போன கதையைச் சொல்லும்போது மட்டும் மனிதர் சிரிக்க மாட்டார்.

சிறு வயதில் அவருடைய அண்ணன் மூங்கிலை வளைத்து வில் செய்தான், குடைக்கம்பியை அம்பாகச் சீவினான். தம்பி சுவர்மேல் தகர டப்பாவை வைத்துவிட்டு நகர்வதற்குள் அண்ணன் நாணை இழுத்துக் குறிபார்க்க ஆரம்பித்துவிட்டான். "வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன். காதுலயே வாங்கல. விட்டுட்டான்" என்பார் இவர். ஒவ்வொரு முறையும் இதே சொற்கள், ஒரு எழுத்து மாறாது.

அண்ணன் சொன்னது வேறு. "அவன்தான் விடுன்னான். தயாராயிட்டான்னு நெனச்சு விட்டேன்" என்றான். கண் போனதற்கு ஒரு அடி விழுந்தது என்றால், பொய் சொன்னதற்கு இரண்டு மடங்கு விழுந்தது. அப்படியும் அவன் மாற்றிச் சொல்லவில்லை. "பெரியவன் கல்லுளிமங்கன். கண்ணையும் குத்திட்டு, பழியையும் தம்பி மேலயே போட்டான்" என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் இப்போது ஊரின் மறுகோடியில் சரக்கு வேன் ஓட்டுகிறார். நல்லது கெட்டதில் அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். பேச்சு கிடையாது. ஓரகத்திகள் இருவர் மட்டும் போனில் ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள்.

இப்போது தெரிகிறதா விசிலக்காவுக்குத் தட்டிய பொறி? ஒருவேளை இருவருமே பொய் சொல்லவில்லையோ? தம்பி சொன்னது 'நிறுத்து' என்கிற விடு, அண்ணன் காதில் விழுந்தது 'எய்' என்கிற விடு. ஆனால் இதை எந்த வாயால் கணவரிடம் சொல்வது? "உங்க கண்ணுக்கு நீங்களே காரணம்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? ஒற்றைக் கண்ணோடு மரத்தூளில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றுகிற மனிதரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மனிதர் பெற்ற மகள்தான் வில் வகுப்பில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம். கண்ணாடி முன்னால் இல்லாத வில்லை இழுப்பாள், இல்லாத அம்பை அனுப்புவாள், இல்லாத பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். அப்பாவிடம் கேட்டபோது, "இந்த வீட்டுல ஒருத்தன் குருடானது போதும்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தலைகீழாக நின்றும் பார்த்தாயிற்று. இந்தப் பருவத்தில் சேராவிட்டால் சிறுவர் பிரிவுக்கு வயது தாண்டிவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் இல்லை.

பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றவரில் ஒருவர் முழு வகுப்பும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்லலாம் என்பது மைதானத்தின் ஏற்பாடு. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர் பாத்தா போதும்லம்மா? நீதான் வாராவாரம் பாக்குறியே. நீயே சரின்னு சொல்லிடேன்!"

"உங்கப்பாவுக்குத் தெரியாமலா?"

"அப்புறமா சொல்லிக்கலாம்."

"ஏன்டி, அவரு கண்ணு போன விஷயத்துல அவரு கண்ணுலயே மண்ணத் தூவச் சொல்றியா? அவரு வந்து உக்காரட்டும். பாக்கட்டும். அப்புறமும் வேண்டாம்னா வேண்டாம்தான்."

மகள் அழுதாள். விசிலக்கா அசைந்து கொடுக்கவில்லை. அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் கணவரிடம், "என்னங்க, ஒரே ஒரு நாள் வந்து பாருங்க. அதுக்கப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். அவர் தண்ணீர்க் குவளையைக் காலி செய்து கீழே வைத்தார். "பாத்துட்டு வேண்டாம்னுதான் சொல்லப்போறேன்" என்றார். "சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தோய்த்துத் தேய்த்த சட்டை, சட்டைப் பையில் வழக்கம்போல் தச்சுப் பென்சில். பெஞ்சின் ஓரத்தில் எந்த நேரமும் எழுந்து ஓடப்போகிறவரைப் போல உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். விசிலக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வேலை நேரத்தில் கணவராவது, கத்திரிக்காயாவது.

இரண்டு ஊதினாள். பிள்ளைகள் வந்து கோட்டின்மேல் கால் அகட்டி நின்றார்கள். ஒன்று ஊதினாள். அம்புகள் போயின. மூன்று ஊதினாள். வில்கள் தாங்கியில் தொங்கின, எல்லோரும் நடந்து போனார்கள். மறுபடி இரண்டு. இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் தச்சர் முதுகைப் பெஞ்சில் சாய்த்ததை மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். "அம்பு குத்துற சத்தம் நல்ல பலகையில உளி எறங்குற மாதிரி இருக்கு" என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார். மகளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்! பக்கத்து மைதானத்துக் கால்பந்து ஒன்று வேலிக்கு மேலே எகிறி வந்து பலகைகளுக்கு முன்னால் உருண்டது.

பந்து யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் பந்துக்குப் பின்னாலேயே ஒருவன் வருவான் என்பது விசிலக்காவுக்குத் தெரியும். பந்து உருண்டு நிற்குமுன் ஐந்து ஊதிவிட்டாள். வரிசை முழுக்க வில்கள் இறங்கின. ஒரே ஒருத்தி மட்டும் இறக்கவில்லை. போன மாதம் சேர்ந்த பொடிப்பெண், முன்பல் இரண்டும் விழுந்தவள். நாண் கன்னத்தோடு ஒட்டியிருக்க, முழுக்க இழுத்த நிலையில் கைகள் வெடவெடவென்று நடுங்க அப்படியே உறைந்துபோய் நின்றாள். அதே நொடியில் வேலிமேல் ஒரு கால் தெரிந்தது. பந்துக்காரன் ஏறிக்கொண்டிருந்தான்.

தச்சர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். மைதானமே அதிர ஒரு கத்தல்: "விடு! ஏ பாப்பா, விடு! விடும்மா!"

விசிலக்கா பொடிப்பெண் பக்கம் திரும்பினாள். அவள் ஓடவில்லை, கோட்டருகே ஓடக் கூடாது. நடந்தாள். பொடிப்பெண்ணின் காதுப்பக்கம் போய் நின்று, "இறக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லியிருக்கவே வேண்டாம். பொடிப்பெண் ஏற்கெனவே இறக்கிக்கொண்டுதான் இருந்தாள். அம்பு நுனியைத் தரைப்பக்கம் தாழ்த்தி, மெல்ல மெல்ல நாணைத் தளர்த்தினாள். அம்பைக் கழற்றிப் பையில் போட்டாள். கோச் வேலிப்பக்கம் போய்ப் பந்துக்காரனை நன்றாக நாலு கேட்டுப் பந்தைத் திருப்பி வீசினார். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பொடிப்பெண் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், இங்க அந்த வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா அம்பு பொறுக்கணும்."

"எந்த வார்த்தம்மா?"

"அதான், நீங்க சொன்னீங்களே. அத நான் சொன்னா நானும் பொறுக்கணும். சொல்ல மாட்டேன்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மகளைப் பார்த்தார். "நான் என்ன சொன்னேன்? வேண்டாம் வேண்டாம்னுதானே கத்தினேன்?"

"இல்லப்பா" என்றாள் மகள். "விடு விடுன்னு கத்தினீங்க."

"வேண்டாம்னு சொன்னேன்டி!"

"மூணு தடவப்பா. எல்லாரும் கேட்டாங்க."

தச்சர் கோச்சைப் பார்த்தார். கோச் சங்கடத்தோடு தலையாட்டினார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். விசிலக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று விசில் ஊதியதும் அவர் தானாகவே எழுந்து பிள்ளைகளோடு நடந்து போனார். அபராதம் அபராதம்தானே. குனிந்து புல்லைக் கைகளால் விலக்கி, ஒற்றைக் கண்ணால் தேடித் தேடி அம்புகளைப் பொறுக்கினார். பலகையில் இருந்ததைப் பிடுங்கப் போன பொடிப்பெண், "அங்கிள், பின்னாடி நிக்காதீங்க, பக்கத்துல வாங்க. பிடுங்கும்போது கண்ணுல குத்திடும்" என்று அதட்டினாள். அவர் சொன்னபடி கேட்டு நகர்ந்து நின்றார். நின்றவர், கையில் அம்புகளோடு கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எய்கிறவன் நிற்கிற இடம் அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஒரு சத்தம் அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று அளப்பவரைப் போல வெகுநேரம் பார்த்தார். விசிலக்கா அடுத்த விசிலை ஊதாமல் காத்திருந்தாள்.

வகுப்பு முடிந்து மூவரும் வெளியே வந்தார்கள். மகள் கேட்கப் பயந்துகொண்டு பின்னால் வந்தாள். கேட்டைத் தாண்டியதும் அவரே நின்றார்.

"அடுத்த வாரத்துல இருந்து இவளும் வரட்டும்."

மகள் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

"ஒரு பெரிய மனுஷன் நின்னு விடு விடுன்னு கத்துறேன். அந்தப் பல்லு போன குட்டி விடலையே" என்றார் அவர் மனைவியிடம். "அத நீதானே பழக்கியிருக்க. எங்களுக்கு அன்னைக்கு இப்படி ஒரு ஆளு இல்லாமப் போச்சு."

மூவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவர் மறுபடி நின்றார்.

"அண்ணன் நம்பர் உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. ஓரகத்தி கொடுத்து வைத்திருந்தாள். விசிலக்கா தன் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். மணி போயிற்று. எடுத்தவர் தம்பி மனைவிதான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

"நான்தான்."

எதிர்முனையில் வேன் இன்ஜின் நின்றது. "யாரு... தம்பியா? என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே." சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார். "அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லலண்ணே. விடுன்னுதான் சொல்லியிருக்கேன். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ பொய் சொல்லல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் நடுத்தெருவில் நின்றார். விசிலக்கா அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். எதிர்முனையில் ஒரு ஐம்பது வயது ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சுவது அவளுக்கும் கேட்டது. அப்புறம் அவர் பேசியதும் கேட்டது.

"சரி, விடுடா."

மைதானத்தின் கேட்டைத் தாண்டி வந்தாயிற்று. விசிலக்கா அபராதம் எதுவும் போடவில்லை.